கணினி விளையாட்டு உடைமையும் டி.ஆர்.எம். பூட்டும்

பணம் கொடுத்துப் பெற்ற ஒரு கணினி விளையாட்டை, வாங்கியவர் எத்தனை காலம், யாருடைய அனுமதியும் கேட்காமல் விளையாட முடியும் என்பதே கணினி விளையாட்டு உடைமை பற்றிய அடிப்படைக் கேள்வியாகும். நகலெடுப்பதையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதையும் தடுக்க மென்பொருளுக்குள் வைக்கப்படும் தொழில்நுட்பப் பூட்டு, எண்ணிம உரிமை மேலாண்மை அல்லது சுருக்கமாக டி.ஆர்.எம். எனப்படுகிறது. திருட்டு நகலைத் தடுக்கவே இந்தப் பூட்டு தோன்றியது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில், பணம் கொடுத்து வாங்கியவரே தம் விளையாட்டைத் திறக்க முடியாத நிலைக்கும் அது காரணமாகியிருக்கிறது. இக்கட்டுரை அந்தப் பூட்டின் வளர்ச்சியையும், அதனால் பழைய விளையாட்டுகளுக்கு நேர்ந்ததையும், இரு தரப்பு வாதங்களையும் ஆராய்கிறது.

மூன்று தேவைகள்

ஒரு பழைய விளையாட்டு இன்று இயங்க வேண்டுமானால் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது நகல்: விளையாட்டின் கோப்புகள் குறுவட்டிலோ வன்தட்டிலோ பழுதின்றி இருக்க வேண்டும். இரண்டாவது சூழல்: அக்கோப்புகளை இயக்கவல்ல கணினியும் இயங்குதளமும் வேண்டும். மூன்றாவது அனுமதி: விளையாட்டில் பூட்டு இருந்தால் அது திறக்க வேண்டும்.

இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. “பழைய விளையாட்டு ஓடாதது இயற்கைதானே” என்ற பதில் அக்குழப்பத்திலிருந்து வருவது. வட்டு கீறல் விழுவதும் கணினி மாறுவதும் இயற்கையான மூப்பு. அனுமதி மறுக்கப்படுவது அப்படியன்று. அது ஒருவர் திட்டமிட்டு அமைத்த ஏற்பாடு. ஆகவே அதற்குப் பொறுப்பும் ஒருவருக்கு உண்டு.

உடைமையும் உரிமமும்

அச்சிட்ட நூலை வாங்கியவர் அதைப் படிக்கலாம், இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். எழுத்தின் பதிப்புரிமை ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். காகிதப் பிரதி வாங்கியவருடையது. பதிப்பகம் மூடப்பட்டாலும் அலமாரியில் இருக்கும் நூலின் பக்கங்கள் வெறுமையாகிவிடுவதில்லை.

மென்பொருளில் இந்தப் பிரிவினை தொடக்கத்திலிருந்தே மங்கலானது. குறுவட்டுக் காலத்திலும் உறைக்குள் இருந்த ஒப்பந்தத் தாள், விற்கப்படுவது மென்பொருள் அன்று, அதைப் பயன்படுத்தும் உரிமமே என்று சொன்னது. ஆனால் அந்த வாசகத்தை நடைமுறைப்படுத்த வெளியீட்டாளரிடம் வழி இருக்கவில்லை. வட்டு வாங்கியவர் வீட்டில் இருந்தது; யாரும் வந்து எடுத்துச் செல்லவில்லை. எனவே தாளில் உரிமமாக இருந்தது, கையில் உடைமையாகவே இருந்தது.

2003ஆம் ஆண்டு வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணையவழி விநியோகத் தளத்தைத் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டை, கடையில் வட்டாக வாங்கியவரும் ஸ்டீம் கணக்கு தொடங்கி இணையம் வழியே செயல்படுத்த வேண்டியிருந்தது. இன்று கணினி விளையாட்டுகளின் விற்பனை பெரும்பாலும் இத்தகைய கணக்குகள் வழியாகவே நடக்கிறது. கணக்கை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்ய முடியாது. ஒப்பந்தத்தின் சொற்கள் பெரிதாக மாறவில்லை. அச்சொற்களை நிறைவேற்றும் கருவி வந்துவிட்டது என்பதே மாற்றம்.

பூட்டின் வளர்ச்சி

தொடக்ககாலப் பூட்டுகள் காகிதத்தால் ஆனவை. 1989ஆம் ஆண்டின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டின் கணினிப் பதிப்பு, கையேட்டில் உள்ள சொற்களைக் கொண்டு வாங்கியவரைச் சோதித்தது. 1990ஆம் ஆண்டின் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டுடன், சுழற்றினால் கடற்கொள்ளையர் முகங்கள் பொருந்தும் ஓர் அட்டைச் சக்கரம் வந்தது. அட்டை தொலைந்தால் தொல்லைதான். ஆனால் அதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இன்றும் அது வேலை செய்யும். திறவுகோல் வாங்கியவர் கையிலேயே இருந்தது.

குறுவட்டுக் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம், ஸ்டார்ஃபோர்ஸ் போன்ற பூட்டுகள் வந்தன. இவை அசல் வட்டு கணினியில் உள்ளதா என்று சோதித்தன. அதற்காகச் சில, இயங்குதளத்தின் ஆழத்தில் தம் சொந்த இயக்கி மென்பொருளை நிறுவின. ஸ்டார்ஃபோர்ஸ் பற்றி எழுந்த புகார்களுக்குப் பின் 2006ஆம் ஆண்டு யூபிசாஃப்ட் நிறுவனம் அதைக் கைவிட்டது.

அடுத்த கட்டம் இணையவழிச் செயல்படுத்தல். 2008ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்போர்’ விளையாட்டை மூன்று முறை மட்டுமே கணினியில் செயல்படுத்தலாம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. வாங்கியவர்கள் அமேசான் தளத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் குவித்தனர். பின்னர் வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. 2010ஆம் ஆண்டு யூபிசாஃப்ட், ஒருவர் தனியே விளையாடும் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாட்டுக்கும் இடைவிடாத இணைய இணைப்பைக் கட்டாயமாக்கியது. மார்ச் மாதத்தில் அந்நிறுவனத்தின் வழங்கிக் கணினிகள் முடங்கியபோது, பணம் கொடுத்தவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

2013ஆம் ஆண்டின் ‘சிம்சிட்டி’ விளையாட்டு இதைவிடத் தெளிவான பாடம். நகரம் அமைக்கும் இந்த விளையாட்டுக்கு இணைய இணைப்பு கட்டாயமாக இருந்தது. வெளியான நாட்களில் வழங்கிகள் கூட்டம் தாங்காமல் தடுமாறின. கணக்கீடுகளின் பெரும்பகுதி வழங்கிகளில் நடப்பதால் இணையமின்றி இயங்கச் செய்வது எளிதன்று என்று தயாரிப்பாளர்கள் விளக்கினர். சில நாட்களிலேயே ஆர்வலர் ஒருவர், சிறு மாற்றங்களால் இணைப்பின்றியும் நகரம் இயங்குவதைக் காட்டினார். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தயாரிப்பாளர்களே இணைப்பில்லா விளையாட்டு முறையை வழங்கினர். கடினம் என்று சொல்லப்பட்டது ஓராண்டில் நடைமுறையானது.

பூட்டே பழுதாகும்போது

பூட்டும் ஒரு மென்பொருளே. எனவே அதுவும் மூப்படையும். விளையாட்டின் கோப்புகள் நலமாக இருக்க, பூட்டு மட்டும் கெட்டுப்போய் விளையாட்டு முடங்கியதற்குப் பெரிய சான்று சேஃப்டிஸ்க். அதன் இயக்கியில் பாதுகாப்புக் குறை இருந்தது. 2015ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க்கையும் செக்யூரோமின் பழைய வடிவங்களையும் ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம், முந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் அந்த இயக்கியை முடக்கியது. கணினியின் பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவே. ஆனால் அதன் விளைவாக, அசல் வட்டை நேர்மையாக வாங்கிப் பத்திரப்படுத்தியவர்களின் விளையாட்டுகள் திறக்க மறுத்தன. பூட்டு நீக்கப்பட்ட திருட்டு நகல்களுக்கு இத்தொல்லை எதுவும் இல்லை. திருடரைத் தடுக்க வைத்த பூட்டு, திருடரை விட்டுவிட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டது.

மைக்ரோசாஃப்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ சேவை இன்னொரு சான்று. 2007ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவையின் விற்பனைத் தளம் 2013ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதைச் சார்ந்திருந்த விளையாட்டுகளின் கதி, அவற்றின் வெளியீட்டாளர்கள் மீண்டும் உழைக்க முன்வந்தார்களா என்பதைப் பொறுத்தே அமைந்தது. ‘ஃபால்அவுட் 3’ விளையாட்டிலிருந்து இச்சார்பு 2021ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

2014ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள டெனுவோ, இன்று அதிகம் பேசப்படும் பூட்டு. விற்பனையின் தொடக்கக் காலத்தைக் காப்பதே இதன் பயன் என்பதை வெளியீட்டாளர்களின் செயலே காட்டுகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ‘டூம்’ விளையாட்டிலிருந்து அதே ஆண்டு டிசம்பரில் டெனுவோ நீக்கப்பட்டது. பிற வெளியீட்டாளர்கள் பலரும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இவ்வாறு நீக்குகிறார்கள். நீக்காதவர்களும் இருக்கிறார்கள். நீக்குவதற்கு எந்தக் கடமையும் இல்லை.

‘தி க்ரூ’ விளையாட்டின் முடிவு

இப்பிரச்சினையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டு. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் யூபிசாஃப்ட் இதை வெளியிட்டது. சுருக்கி அமைத்த அமெரிக்க நிலப்பரப்பில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை வண்டி ஓட்டிச் செல்லலாம் என்பது இதன் சிறப்பு. பலர் சேர்ந்து ஆடும் வசதியோடு, தனியாக ஆடக்கூடிய ஒரு கதைப் பகுதியும் இருந்தது. ஆனால் எதை ஆடுவதற்கும் நிறுவனத்தின் வழங்கியோடு இணைப்பு வேண்டும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. வழங்கிக் கட்டமைப்பும் உரிம ஒப்பந்தங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2024 மார்ச் 31க்குப் பின் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. அன்றோடு விளையாட்டின் எந்தப் பகுதியும் இயங்கவில்லை. அடுத்த சில வாரங்களில், வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்தே விளையாட்டின் உரிமம் நீக்கப்பட்டது. வட்டு வைத்திருந்தவர்களுக்கும் மிஞ்சியது வெறும் வட்டுதான்.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கக் காணொளிப் படைப்பாளர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வழங்கிகளை என்றென்றும் நடத்துமாறு அது கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் சார்பில் முன்வைக்கப்பட்ட குடிமக்கள் மனு, தேவையான 10 இலட்சம் கையொப்பங்களை 2025ஆம் ஆண்டு ஜூலையில் தாண்டியது. கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கிலோ, வாங்கியவர்கள் பெற்றது உடைமை அன்று, வரம்புக்குட்பட்ட உரிமமே என்று யூபிசாஃப்ட் வாதிட்டது.

அதே நிறுவனம் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், இவ்வரிசையின் பிந்தைய விளையாட்டுகளுக்கு இணைப்பில்லா முறை வழங்கப்படும் என அறிவித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. முதல் விளையாட்டின் முடிவால் எழுந்த எதிர்ப்பு, அடுத்தவற்றைக் காத்தது.

பூட்டில்லாத விளையாட்டின் மூப்பு

பூட்டு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பிழையே. 64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் நிரல்களை இயக்குவதில்லை. 1990களின் சில விளையாட்டுகள், இன்றைய வேகமான செயலியில் கட்டுப்பாடின்றி விரைந்து ஓடுகின்றன. வேறு சில, மறைந்துபோன வரைகலை அட்டைகளுக்கென எழுதப்பட்டவை.

ஆனால் இத்தகைய மூப்புக்கு மருந்து கிடைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களில் பலர் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். 2001ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கம்விஎம், பழைய சாகச விளையாட்டுகளின் இயந்திரத்தைப் புதிதாக எழுதியது. 2002ஆம் ஆண்டு முதல் டாஸ்பாக்ஸ், பழைய டாஸ் கணினி ஒன்றையே மென்பொருளால் உருவாக்கிக் காட்டுகிறது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997ஆம் ஆண்டு ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலையும், 1999ஆம் ஆண்டு ‘குவேக்’ விளையாட்டின் மூலநிரலையும் வெளியிட்டது. முப்பது ஆண்டு பழமையான இவ்விளையாட்டுகள், தோன்றிய காலத்தில் இல்லாத கருவிகளிலும் இன்று இயங்குகின்றன.

2008ஆம் ஆண்டு போலந்தின் சிடி புராஜெக்ட் குழுமம் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளம், பூட்டு நீக்கிய பழைய விளையாட்டுகளைப் புதிய கணினிக்கேற்பச் சீர்செய்து விற்றது. அங்கும் வாங்குபவர் பெறுவது சட்டப்படி உரிமம்தான். ஆனால் நிறுவுகோப்பைத் தரவிறக்கித் தனியே வைத்துக்கொள்ளலாம். தளம் நாளை இல்லாவிட்டாலும் அது இயங்கும். குறுவட்டுக் காலத்தின் பழைய நிலை இது: தாளில் உரிமம், கையில் உடைமை.

இருப்பினும் மொத்த நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. இதற்குப் பூட்டு மட்டும் காரணமன்று. கைமாறிய உரிமைகள், காலாவதியான இசை ஒப்பந்தங்கள், இலாபமின்மை எனக் காரணங்கள் பல. ஆனால் விற்பனையில் இல்லாத நூலை நூலகத்தில் தேடலாம். விற்பனையில் இல்லாத பூட்டிய விளையாட்டுக்கு அந்த வழியும் குறுகலாகிறது.

சட்டத்தின் நிலை

1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, பூட்டை உடைப்பதையே தடைசெய்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் பரிசீலிக்கப்படும். சரிபார்க்கும் வழங்கி நிறுத்தப்பட்ட விளையாட்டை மீண்டும் இயங்கச் செய்ய 2015ஆம் ஆண்டு விதிவிலக்கு கிடைத்தது. ஆனால் விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதி கோரியது 2024ஆம் ஆண்டு மறுக்கப்பட்டது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நிலையாகத் தரவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இது பொருந்தாது. இச்சட்டம் பொய்யை நீக்குகிறது, விளையாட்டைக் காப்பாற்றவில்லை. “இது உங்களுடையதாகாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விற்பவரின் கடமை தீர்ந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு, நிரந்தர உரிமத்துடன் தரவிறக்கம் செய்த மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஸ்டீம் விளையாட்டுகளுக்கு அவ்வுரிமை கோரிய பிரெஞ்சு நுகர்வோர் அமைப்பு, 2019ஆம் ஆண்டு வென்று 2022ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கலாம். இங்கு ‘நோக்கம்’ என்ற சொல் முக்கியமானது. மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கு எதிராகக் காப்பு நகல் எடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் தொலைவிலுள்ள வழங்கி நின்றுவிட்ட பின், காப்பு நகல் இருந்தும் பயனில்லை.

வெளியீட்டாளர் தரப்பு

வெளியீட்டாளர்களின் வாதங்களை எளிதில் ஒதுக்க முடியாது. பெரும் பொருட்செலவில் உருவான விளையாட்டு முதல் வாரத்திலேயே திருட்டு நகலாகப் பரவினால் இழப்பு உண்மையானது. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு வழங்கியை நடத்தும் செலவு தொடர்ந்து இருக்கும். ஆடுவோர் குறைந்தபின் அதை என்றும் நடத்தச் சொல்வது நியாயமாகாது. வழங்கி மென்பொருளில் பிற நிறுவனங்களின் நிரல்கள் கலந்திருக்கலாம். அவற்றை வெளியிட வெளியீட்டாளருக்கு உரிமை இராது. தனியார் நடத்தும் வழங்கிகளில் பயனர் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாது என்றும், இத்தகைய கடமைகள் தயாரிப்புச் செலவை உயர்த்தும் என்றும் ஐரோப்பியத் தொழில்துறை அமைப்பு கூறுகிறது.

இவற்றில் சில, ஏற்கெனவே வெளிவந்த பழைய விளையாட்டுகளுக்குப் பொருந்தும். இனி உருவாக்கப்படும் விளையாட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தா. முடிவை முன்கூட்டியே திட்டமிட்டால் பிறர் நிரலைப் பிரித்து வைக்கலாம். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற விளையாட்டு 2023ஆம் ஆண்டு ஜூனில் வழங்கிகளை நிறுத்தியபோது, விளையாடுவோர் தாமே வழங்கி அமைத்துக்கொள்ளும் பதிப்பை அதன் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தந்தனர். அது ஒரு பெருநிறுவனம் அன்று. தவிர, தனியாக ஆடும் கதைப் பகுதிக்கு வழங்கிச் செலவு, பயனர் பாதுகாப்பு ஆகிய வாதங்கள் எதுவும் பொருந்துவதில்லை.

மதிப்பீடு

டி.ஆர்.எம். பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘பூட்டு வேண்டுமா, வேண்டாமா’ என்றே நடக்கிறது. இன்னும் பயனுள்ள கேள்வி, பூட்டு எத்தனை நாளைக்கு என்பதே. பூட்டின் தேவை விற்பனையின் தொடக்க மாதங்களோடு பெரிதும் தீர்ந்துவிடுகிறது. பூட்டுக்கோ முடிவு நாள் குறிக்கப்படுவதில்லை. காரணம் மறைந்த பின்னும் காவல் தொடர்வதே இதிலுள்ள குறை. பதிப்புரிமைக்கே சட்டம் ஒரு கால எல்லை வைத்திருக்கும்போது, அதைக் காக்கும் கருவிக்கு எல்லை இல்லாதது முறையன்று. பதிப்புரிமைக் காலம் முடிந்து விளையாட்டு பொதுவுடைமையாகும் நாளில், திறக்க முடியாத கோப்பாக அது வந்து சேர்ந்தால் பொதுமக்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை.

நுகர்வோர் உரிமை என்ற அளவில் மட்டும் இதைப் பார்ப்பதும் போதாது. விளையாட்டு ஒரு படைப்பு. ஓவியரும் இசையமைப்பாளரும் கதாசிரியரும் நிரலாளரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தது. ‘தி க்ரூ’ மூடப்பட்டபோது இழந்தவர்கள் பணம் கொடுத்தவர்கள் மட்டுமல்லர். அதை உருவாக்கியவர்களும் தம் உழைப்பை மற்றவருக்குக் காட்ட முடியாதவர்கள் ஆயினர். பணத்தைத் திருப்பித் தருவது முதல் இழப்பை ஈடுசெய்யலாம். இரண்டாவதற்கு ஈடு இல்லை.

ஒரு விளையாட்டை வாங்கும் முன் மாணவரும் பிறரும் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: விற்றவர் இல்லாமற்போகும் நாளில் இது இயங்குமா? விளையாட்டின் விற்பனைப் பக்கத்திலேயே இதற்கான குறிப்புகள் பெரும்பாலும் இருக்கும். மூன்றாம் தரப்பு டி.ஆர்.எம். உள்ளதா, தனிக் கணக்கு வேண்டுமா, தனியாக ஆடவும் இணைய இணைப்பு கட்டாயமா, நிறுவுகோப்பைத் தனியே சேமிக்க முடியுமா என்பவற்றைப் படித்தறியலாம். ‘இயங்காது’ என்பது விடையானால், கொடுக்கும் தொகை விலை அன்று; கால அளவு சொல்லப்படாத வாடகை. வாடகை என்று அறிந்தே கொடுப்பதில் தவறில்லை. விலை என்று நம்பிக் கொடுக்கும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது.